கன்னியாவுக்கு ஒரு செம்பு

முதலாம் நாள்

யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஹொரவப்பொத்தான வழியாகக் காடும் குளமும் வயலும். திருகோணமலை கிட்டும்போது கொண்டக்டர் பின்னுக்குத் திரும்பி, "கன்னியா இறங்கிற ஆக்கள் இருக்கா?" என்று கேட்டார். மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இறங்கவில்லை. வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற அந்தக் கன்னியாவுக்கென்றுதான் வந்திருக்கிறேன், ஆனால் அது கடைசி நாளைக்கு.

பைக்குள் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. கழுத்தடியில் ஒரு பக்கம் நசுங்கினது. என் பெரியம்மாவின் செம்பு.

கதையை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். 1981. எனக்கு ஒன்பது வயது. வலிகாமத்தில் பெரியம்மாவின் வளவுக்கும் பக்கத்து மூன்று வளவுகளுக்கும் ஒரே கிணறு. அந்த மூன்றில் எங்களுடையதும் ஒன்று. பங்குக் கிணறு. காணி உறுதியிலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். அடுத்த வீட்டில் ஒரு பச்சைப்பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்துப்போனது. இரண்டு நாளுக்கு முதல் பெரியம்மா அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருந்தா. அவவுக்குப் பிள்ளை இல்லை, புருசனும் செத்துவிட்டார். பிள்ளையின் தகப்பன் மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் போனார். அவர் வெற்றிலையைப் பார்த்து, "வளவுக்குக் கிழக்கால, தனிச்சு இருக்கிற பொம்பிளை" என்றாராம். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பெரியம்மா தண்ணி அள்ளப் போனபோது துலாக்கயிற்றில் வாளி இல்லை. அதற்குப் பிறகு அவவைக் கண்டதும் யாராவது வாளியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அம்மா ஒளித்து ஒரு குடம் அள்ளிக் கொடுக்கப் போனா, அப்பா மறித்தார். "எங்களுக்கும் இதுதான் நடக்கும்" என்றார். நான் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருசம் பெரியம்மா கோயில் கிணற்றுக்கு ஒரு குடமும் இந்தச் செம்பும் கொண்டு நடந்தா.

பிறகு நான் உளவள ஆலோசகராகி இருபத்துமூன்று வருசம் வேலை செய்தேன். சடங்குகளை மூடநம்பிக்கை என்று தள்ள என்னால் முடியாது. மருந்துக்கு அடங்காத எத்தனையோ பேர் ஒரு பொங்கலோடு, ஒரு கழிப்போடு நித்திரை கொண்டதைக் கண்டிருக்கிறேன். ஆனால் வருத்தத்துக்குக் காரணம் தேடிய அதே வெற்றிலையிலிருந்து ஒரு மனுசிக்குத் தண்டனை வந்ததையும் கண்டவள் நான். இந்த ஐந்து நாளும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வெசாக் முடிந்து சில நாட்கள்தான், வெளிச்சக் கூடுகள் இன்னும் தெருவில் தொங்குகின்றன. பஸ் நிலையத்தடியில் மரக்கறித் தோலைத் தின்றுகொண்டு நின்ற புள்ளிமான் ஒன்று என் பையை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

இரண்டாம் நாள்

கோணேசர் கோயில். கோட்டை வாசலால் நடந்து ஏறினேன். 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 இல். இத்தலத்துத் தீர்த்தத்தின் பெயர் பாவநாசம்.

இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்கிற பாறைப் பிளவு, இராவணன் வெட்டு. அதற்குப் பக்கத்தில், கடலுக்கு மேலே சாய்ந்து நிற்கிற மரத்தில் குட்டித் தொட்டில்கள் கட்டியிருக்கிறார்கள். ஒரு இளம் பெண், சிங்களப் பிள்ளை, துணிக்கீலத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் கிளையைப் பதித்துக் கொடுத்தான். அவள் முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், காற்றுக்குக் கழன்றுவிடும் என்ற பயமாக்கும். பெரியம்மாவும் கட்டியிருப்பா, எந்த மரத்தில் என்று எனக்குத் தெரியாது.

இராவணன் கதையை இங்கே எல்லோரும் வெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் மற்றப் பாதிதான் முக்கியம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்திலும், அவருடைய மற்றப் பதிகங்களைப்போல, எட்டாம் பாட்டு இராவணனுக்குரியது. மலையைத் தூக்கினவனுடைய செருக்கைக் கால் விரலால் அழுத்தி அடக்கியவர், அவன் ஏத்திப் பாடியதும் பேறும் கொடுத்தார் என்று வரும். தண்டித்த அதே விரல் தூக்கப்பட்டதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சின்னனில் தேவாரம் மனப்பாடம் செய்தபோது இது மண்டையில் ஏறவில்லை. பதிகத்துக்குப் பதிகம் ஒரு குற்றவாளியைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் மன்னிக்கப்பட்டதையும் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறது.

இரவுச் சாப்பாடு என்னோடு முன்பு வேலை செய்த ஒரு சிங்களத் தோழியின் வீட்டில், உப்புவெளியில். அவளுடைய ஊர் தெற்கே, மாத்தறைப் பக்கம். அவளுடைய சின்ன வயதில் தகப்பனுக்குத் தொவில் என்ற நோய் தீர்க்கிற சடங்கு ஆடினார்களாம். பின்னேரம் தொடங்கி விடியுமட்டும். வருத்தம் தருகிற பேய்களான பதினெட்டுச் சன்னி யக்கர்கள், ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு முகமூடி. யக்கன் உறுமிக்கொண்டு வருவான், பறையடிக்கிறவர் அவனை மறித்துக் கேள்வி கேட்பார், யக்கன் விசர்க்கதை சொல்வான், சனம் சிரிக்கும். "தாத்தா மூன்று மாசம் சிரிக்கவில்லை, விடியப்புறம் நாலு மணிக்குச் சிரித்தார்" என்றாள். தாத்தா என்றால் சிங்களத்தில் அப்பா. யக்கனைக் கொல்வதில்லை. புத்தரின் ஆணையைச் சொல்லி, படையலைக் கொடுத்து, போ என்று அனுப்புகிறார்கள்.

அவளிடம் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிக்குகளுக்குள்ளும் ஒரு ஒதுக்கல் இருக்கிறது என்றாள். சங்கத்துக்குத் தீங்கு செய்த ஒருவரிடம் இனித் தானம் வாங்குவதில்லை என்று சங்கம் கூடித் தீர்மானிப்பது. பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்தல் என்று பெயர். 2007 இல் மியன்மாரில் பிக்குகள் இராணுவ ஆட்சியாளருக்கு எதிராகக் கவிழ்த்த அதே பாத்திரம். கவிழ்ப்பதற்கு விதி எப்படி இருக்கிறதோ, அந்த ஆள் வந்து பிழையை ஒப்புக்கொண்டால் நிமிர்த்துவதற்கும் அதே நூலில் விதி இருக்கிறது. எங்கள் கிணற்றடியில் வாளியைத் திரும்பக் கொழுவ யாருக்கும் விதி இருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்

தம்பலகாமம் பக்கம் ஒரு சின்னக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிக் குளிர்த்திச் சடங்கு. திருகோணமலையில் இருக்கிற இன்னொரு தோழியின் மாமியார் வீடு கோயிலுக்கு நாலு வேலி தள்ளி இருப்பதால் எனக்கு இரவு முழுக்க இருக்கக் கிடைத்தது.

பகலில் அந்த வீட்டு முற்றத்தில் இருந்து மாமி சொன்னதை முதலில் எழுதவேண்டும். அவவுக்கு எண்பது வயது. போன வருசம் பேரனுக்குப் பொக்குளிப்பான் வந்ததாம். "அம்மாள் வந்திருக்கிறா எண்டு படலையில வேப்பிலை கட்டினம். ஒருதரும் உள்ளுக்க வரயில்ல, நாங்களும் வெளியில போகயில்ல. மீன், இறைச்சி இல்ல. தாளிக்கிறதும் இல்ல." பிறகு? "பிறகென்ன பிள்ள, கொப்புளம் காஞ்சதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வச்ச தண்ணிய வார்த்தம். மூண்டாந் தண்ணி வார்த்ததும் படலையில கிடந்ததை அவிட்டுப் போட்டு, அயலுக்கெல்லாம் இளநீரும் பழமும் குடுத்தம்."

நான் இதைக் கேட்டுக்கொண்டே படலையைப் பார்த்தேன். வேப்பிலைக் கொத்து ஊருக்குச் சொல்வது வராதே என்று. ஒதுக்கல்தான் அதுவும். தொற்று வருத்தத்துக்கு வேறு வழி இல்லை, வைத்தியரும் அதைத்தான் சொல்வார். ஆனால் உள்ளே இருக்கிறவரை ஊர் குற்றவாளியாக்கவில்லை, அம்மாள் வந்திருக்கிற வீடு என்று மரியாதையாகச் சொல்கிறது. எத்தனையாவது தண்ணியோடு இது முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவின் படலையில் வேப்பிலை கட்டியிருந்தால் ஒரு நாள் யாராவது அவிழ்த்திருப்பார்கள்.

இரவு. கோயில் முன்றலில் தென்னங்குருத்துத் தோரணம், கமுகம்பாளை, நெல்லின் மேல் கும்பம். பூசை செய்கிற கட்டாடியார் வாயைச் சீலைத் துண்டால் கட்டியிருந்தார், மூச்சுப் படக்கூடாது என்று. உடுக்கு தொடங்கியதும் சனம் பேச்சை நிறுத்தியது. கண்ணகி வழக்குரையைப் படிக்கிறவர்கள் கடைசிப் பாகத்துக்கு வந்திருந்தார்கள். விசாரிக்காமல் ஒரு மனிதனுக்குத் தண்டனை கொடுத்த அரசனிடம் ஒரு பெண் போய் வழக்குக் கேட்ட கதை. அரசன் தன் பிழை தெரிந்த இடத்திலேயே விழுந்து சாகிறான். அவளுடைய கோபம் அதோடு அடங்கவில்லை, மதுரை எரிகிறது. எரித்துவிட்டு அந்தக் கொதியோடு வருகிறவளை இடைச்சியர் குளிர்விக்கிறார்கள்.

குளிர்த்தி அந்தக் குளிர்விப்பைத்தான் செய்கிறது. பெரிய பானை நிறையத் தண்ணீர். அதற்குள் வேப்பிலை, பூ, தேசிக்காய், பாலும் இளநீரும். குளிர்ந்தருள வேண்டிப் பாடிக்கொண்டு கட்டாடியார் அந்தத் தண்ணீரை வேப்பிலைக் கொத்தால் அள்ளி அள்ளித் தெளிக்கிறார். பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கிறது, பெண்கள் குரவையிடுகிறார்கள். பிறகு சனம் அந்தத் தண்ணீருக்கு நெருக்கி அடித்தது. போத்தல், செம்பு, பால்மாப் பேணி, கையில் எது கிடைத்ததோ அது. எனக்கு முன்னால் நின்ற கிழவரின் உள்ளங்கையில் விழுந்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகனின் நெற்றியில் பூசினார். மகனுக்கு முப்பது வயது இருக்கும். எங்கேயும் பார்க்காத கண். என் வேலையில் நான் பல வருசம் பார்த்த கண் அது. அவன் குனிந்து கொடுத்தான்.

தீங்கு செய்யப்பட்டவளின் கோபத்தை ஊர் முழுக்க வருசத்துக்கு ஒருக்கால் உட்கார்ந்து கேட்கிறது. அவளை அடங்கு என்று அதட்டுவதில்லை. நீ கேட்டது நியாயம் என்று விடியுமட்டும் படித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்கிறார்கள். நாங்கள் பயிற்சிப் பட்டறைகளில் எவ்வளவோ பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது.

சிங்களவர் இவளைப் பத்தினி என்று கும்பிட்டுக் கம்மடுவ என்ற சடங்கு செய்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் மழை பொய்த்தால், கொள்ளை நோய் வந்தால் இவளுக்குக் கொம்புமுறி நடக்கும். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொம்புகளைக் கொழுவி இழுக்கும். தோற்ற சேரியை வென்றவர்கள் வசை பாடுவார்கள், வாய் கூசுகிற வசை. மாமி ஒரு அடி சொல்லிவிட்டுச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

நாலாம் நாள்

நித்திரை இல்லை, ஆனாலும் காலையில் கிண்ணியா. 2009 இல் பாலம் திறக்குமட்டும் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் இந்த நீரைக் கடக்கவேண்டியிருந்தது. தோழி ஒருத்தியின் வாப்பா அந்தக் காலத்தில் ஓதிப் பார்க்கிறவர்.

"வாங்க மகள், இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். வெள்ளைப் பீங்கான் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். குங்குமப்பூவைப் பன்னீரில் கரைத்து, மூங்கில் குச்சியால் ஆயத்தை, அதாவது குர்ஆன் வசனத்தை, அந்தப் பீங்கானில் எழுதுவார்கள். காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி எழுத்தைக் கரைத்து நோயாளி குடிக்கவேண்டும். இப்போது அவர் செய்வதில்லை. மகன் இது மார்க்கத்தில் இல்லை என்று சொல்லி நிறுத்திவிட்டாராம். "அவன் படிச்சவன், அவன் சொல்றதிலயும் நாயம் இரிக்கி" என்றார். ஆனாலும் பீங்கானைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை, கழுவியும் போகாதது.

உங்கள் ஊரில் பிழை செய்தவனுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவருடைய சின்ன வயதில் ஒருவன் அடுத்தவன் தோட்டத்துத் தேங்காயைக் களவெடுத்தானாம். பள்ளிவாசலில் கூட்டி விசாரித்து, நாற்பது நாள் ஹவுழ் என்கிற தொட்டிக்குத் தண்ணி இறைக்கச் சொன்னார்கள். ஒழு எடுக்கிற, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற தண்ணி. "ஊராக்கள் எல்லாரும் அவன் இறைச்ச தண்ணியிலதான் மகள் கைகால் கழுவித் தொழுத." நாற்பதாம் நாள் தேங்காய்க்காரர் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு கொடுத்தார். இதை அவர் பெரிய விசயமாகச் சொல்லவில்லை. நான் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை என்றும் அவரே சொன்னார். பள்ளிவாசல் ஒரு குடும்பத்தை விலக்கிவைத்து, கலியாணத்துக்கும் சாவுக்கும் யாரும் போகாமல் அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் நடந்திருக்கிறது.

அங்கிருந்து மூதூர். இந்தக் கொட்டியாரக் குடாவுக்குக் கப்பலோடு வந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசம் கைதியாக இருந்தார். தப்பிப் போய் 1681 இல் வெளியிட்ட நூலில், கள்ளனைப் பிடிக்கிற ஒரு முறையை எழுதியிருக்கிறார். தேங்காய்க்கு மந்திரம் சொல்லி, அதில் ஒரு கோலைக் குத்தி, கள்ளன் போன வழியில் வைப்பார்கள். கோலைப் பிடித்திருப்பவரைத் தேங்காய் இழுத்துக்கொண்டு கள்ளனிடம் போகும். ஆனால் தேங்காய் காட்டினது மட்டும் காணாது. மந்திரம் செய்தவர் இவன்தான் கள்ளன் என்று சத்தியம் பண்ணவேண்டும்.

கடற்கரையில் இதை யோசித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். முந்நூற்று அறுபது வருசத்துக்கு முந்திய அந்தக் காட்டு இராச்சியத்திலே சுட்டிக்காட்டினவன் தன் வாயால் பொறுப்பு எடுக்கவேண்டியிருந்தது. எங்கள் வெற்றிலைக்காரர் கிழக்கு என்று ஒரு திசையைச் சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். அதற்கு எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. குணமாக்குகிறவன் நோயாளியின் பக்கத்தில் இருக்கவேண்டும். இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கினால் அவனுடைய வேலை வைத்தியம் அல்ல.

போர் முடிந்த பிறகு ஒரு பயிற்சியில் உகண்டாவின் அச்சோலி மக்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் படித்தோம். ஒரு குலத்தான் மற்றக் குலத்தானைக் கொன்றுவிட்டால் அந்த இரண்டு குலமும் ஒன்றாகச் சாப்பிடாது, குடிக்காது, கலியாணம் செய்யாது. நடந்ததை ஒப்புக்கொண்டு நட்டஈடு கொடுத்த பிறகு ஒரு நாள் கூடுவார்கள். ஒப்புட் என்ற மரத்தின் கசப்பு வேரை இடித்து ஒரே சுரைக்குடுவையில் கரைத்து, இரண்டு பக்கத்தாரும் முழங்காலில் இருந்து குனிந்து குடிப்பார்கள். மாட்டோ ஒப்புட், ஒப்புட்டைக் குடித்தல். பயிற்றுநர் படத்தைக் காட்டியபோது வகுப்பில் எனக்குத் துலாக்கயிறுதான் தெரிந்தது. எங்கேயும் சனம் ஒருவரைத் தள்ளும்போது முதலில் தண்ணீரையும் சோற்றையும்தான் நிறுத்துகிறது.

ஐந்தாம் நாள்

கன்னியா. ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாயைப் பறிகொடுத்த இராவணன் கிரியை செய்ய விஷ்ணு காட்டிய இடம் என்று கதை. அதனால் எங்கள் சனம் செத்தவர்களுக்குக் கடன் கழிக்க இங்கே வரும். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். 2019 யூலையில் இந்த இடத்து உரிமைக்காகப் பெரிய போராட்டம் நடந்தது. அதன் சூடும் ஆறவில்லை.

நான் ஏன் வந்தேன் என்பதை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. போன மாசியில் கனடாவிலிருந்து ஒரு அழைப்பு. செத்த அந்தப் பச்சைப்பிள்ளையின் தாய். நாற்பது வருசத்துக்கு மேல் என்னோடு பேசாதவ.

1995 ஒக்டோபர் முப்பது, வலிகாமம் முழுக்கப் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. நாவற்குழிப் பக்கம் அசைய முடியாத நெரிசல், மழை. குடிக்கத் தண்ணி இல்லாமல் குடையை மறுபக்கம் பிரித்து மழைநீர் பிடித்த இரவு அது. அந்த அம்மா மயங்கி விழப்போனபோது முதுகுப் பக்கத்தால் ஒரு கை செம்பை நீட்டியதாம். இருட்டில் முகம் தெரியவில்லை. குடித்து முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது கழுத்தடி நசுங்கல் விரலில் பட்டது. கோயில் கிணற்றடியில் பதினான்கு வருசம் தூரத்தில் நின்று பார்த்த செம்பு.

"நான் ஒண்டும் சொல்லேல்லப் பிள்ளை. அவவும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு தேடினனான், சனத்துக்க காணேல்ல."

பெரியம்மா மூன்றாம் வாரம் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் செத்துப்போனா. ஐயரும் இல்லை, எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. "எனக்கு வர ஏலாது, முழங்கால் சரியில்ல. நீ ஒருக்கா கன்னியாவில அவவுக்குத் தண்ணி வாரு. என்ர பேரையும் சொல்லு" என்று அந்த அம்மா அழுதா.

மூன்றாவது கிணற்றில் வாளி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் கால் வைத்துவிட்டு "ரஸ்னெயி, ரஸ்னெயி", சுடுகுது என்று கத்தித் துள்ளினான். நான் வாளியை எடுக்கப் போக, தகப்பன் தானே ஒரு வாளி அள்ளி என் செம்பில் ஊற்றினார். நன்றி சொன்னேன். பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன், அந்தத் தாயின் பெயரைச் சொன்னேன், அம்மாவினதும் அப்பாவினதும் என்னுடையதும். எள்ளையும் பூவையும் போட்டு மெதுவாகக் கல்லில் வார்த்தேன். தண்ணீர் போய் முடிந்த பிறகும் பித்தளை கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

அவர் இன்னொரு வாளி அள்ளிக்கொண்டு நின்றார். செம்பைத் திரும்பவும் நீட்டினேன்.